பாவ அறிக்கையைக் கேட்பவர் யார்? – ‘கடல்’ திரைப்படம் குறித்து ஒரு சிந்தனை

மணி ரத்னம் இயக்கி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கடல்’ திரைப்படத்தின் கதையை எழுதியவர் ஜெயமோகன். தென்கடற்கரைக் கத்தோலிக்க மீனவர் வாழ்வே அதன் களம். வெளிப்பார்வைக்கு அது தாமஸ், பியாட்ரிஸ் என்னும் இளையோரின் காதற்கதை. உள்ளேயோ அது குற்றவுணர்வைப் பற்றியது. ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர் அதனைக் கருத்தூன்றிக் காணவேண்டும். ஏனெனில் அதில் வரும் கேடு குருமடத்திலேயே தொடங்குகிறது.

குருமட மாணவனாகிய பெர்க்மான்ஸ் ஒழுக்கத்தில் தவறியதை உடன்மாணவன் சாம் கண்டுவிடுகிறான். பெர்க்மான்ஸ் கெஞ்சியும் கேளாமல் மேலிடத்தில் அறிவிக்கிறான். பெர்க்மான்ஸ் வெளியேறுகிறான். சாம் சொன்னது பொய்யன்று. ஆயினும் மத்தேயு 18-ஆம் அதிகாரம் நம்மைத் தனித்துப் பேசச் சொல்வது, சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்ளும் பொருட்டே. சாமிடம் நேர்மை இருந்தது, அந்நோக்கம் இல்லை. மனந்திரும்புதலாக வேண்டிய குற்றம் தீராப் பகையாயிற்று.

பின்னர்க் குருவாகி மீனவர் ஊருக்கு வரும் சாம், தகப்பனால் ஏற்கப்படாத தாமஸை ஆதரித்து வளர்க்கிறார். பொய்க்குற்றச்சாட்டினால் சாம் சிறைசெல்ல, தாமஸ் பெர்க்மான்ஸின் கையாளாகிக் கொலைக்கும் துணிகிறான். அவன் தன் பாவங்களை அறிக்கையிடுவது குருவிடமன்று. குழந்தை மனமுடைய பியாட்ரிஸிடம். அவளே மன்னிப்பை அறிவிக்கிறாள். முடிவில், பெர்க்மான்ஸைக் கொல்ல முனையும் சாமைத் தாமஸ் தடுக்கிறான். மன்னிப்புப் பெற்றவன் தன் குருவைப் பாவத்தினின்று காக்கிறான்.

கத்தோலிக்கச் சூழலில் நிகழும் இக்காட்சிகள் நமது உபதேசத்திற்கே அண்மையானவை. கலங்கிய மனச்சாட்சிக்கு எந்த விசுவாசியும் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்லலாமென லூத்தர் போதித்தார். எனினும் ஒரு குறை உண்டு. கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்குத் தாமஸ் செலுத்தவேண்டிய ஈடு யாது என்று படம் வினவுவதில்லை. சகேயுவோ மன்னிப்போடு ஈட்டையும் அறிந்திருந்தான்.

காவிரிக் கழிமுகத்தில் ஊழியஞ்செய்யும் நமக்கு இஃது அயலார் கதையன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். தனிப்பட்ட பாவ அறிக்கைக்கும் இடமளிப்பது லூத்தரின் போதனை. ஆனால் நம் வயற்புறச் சபைகளில் அது, ஆராதனையில் எல்லாரும் கூடி வாசிக்கும் பகுதியாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. காதலில் இடறிய இளைஞனின் பெயர் சபைக் கமிட்டிக்கு வந்தபின்னரே ஆயர் அவனை அழைக்கிறார். அதற்குள் அவன் தன் பாரத்தை வேளாங்கண்ணியின் மணலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருப்பான். அதற்காக அவனைக் கடிந்துகொள்ளுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக: சாமைப்போல் அறிவிக்கப் பயின்ற நாம், பியாட்ரிஸைப்போல் செவிகொடுக்கப் பயின்றிருக்கிறோமா?