விளம்பரத்தில் கேள்விக்குறி

கேள்வியாக அமைந்த விளம்பர வாசகம் கேட்பவரையே பதில் தேட வைக்கிறது. 1956இல் ஷெர்லி பொலிகாஃப் கிளெய்ரால் நிறுவனத்தின் முடிச்சாயத்துக்கு எழுதிய வாசகம் அப்படிப்பட்டது. சாயம் பூசுவதை வெளியில் சொல்லக் கூசிய காலம். ‘இவள் பூசுகிறாளா, இல்லையா?’ என்ற கேள்வி, கண்டுபிடிக்க முடியாத இயல்பான நிறம் என்பதைச் சொல்லாமலே சொன்னது.

1993இல் கலிஃபோர்னியாவில் பால் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. பால் உடலுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்குவது குறைந்தது. குட்பி சில்வர்ஸ்டீன் விளம்பர நிறுவனம் சிலரை ஒரு வாரம் பால் தொடாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தது. பாலின் அருமை அது தீர்ந்துபோகும் நொடியில்தான் உறைக்கிறது என்று புரிந்தது. அதை வைத்து எடுத்த முதல் விளம்பரப் படத்தில், வாய் நிறைய வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியுடன் இருப்பவருக்கு வானொலியிலிருந்து பரிசுக் கேள்வி வருகிறது. விடை தெரியும், நாக்கு புரளவில்லை, பால் டப்பாவோ காலி. பத்தாயிரம் டாலர் கைநழுவுகிறது. திரையில் இரண்டே சொற்கள்: ‘பால் இருக்கா?’ பாலைப் புகழ்ந்து ஒரு சொல்கூட இல்லை. அந்தச் சிக்கனம்தான் இதன் பேரழகு.

கேள்வி கடையை விட்டு வெளியேறுவதும் உண்டு. பெரிய பன்னுக்குள் சிறு இறைச்சித் துண்டைக் கண்டு மூதாட்டி கிளாரா பெல்லர் எழுப்பிய ‘இறைச்சி எங்கே?’ என்ற வெண்டீஸ் உணவக விளம்பர வாசகத்தை, 1984இல் அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கான போட்டியில் வால்டர் மாண்டேல் தம் போட்டியாளர் கேரி ஹார்ட்டின் கொள்கைகளை நோக்கி வீசினார். தமிழ் வீடுகளில் ‘உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?’ என்ற விளம்பரக் கேள்வி கேலிப்பேச்சாகவே புழங்கியது.