கொண்டி சுமக்கிற பாரம்

ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மாடிப்படி ஏறும்போது அவருடைய டூல் பாக்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. சுத்தியல் என் கால் கட்டைவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. ‘பழைய பெட்டியை சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருந்தேன் சார். இது புதுசாச்சேன்னு நம்பிட்டேன்’ என்றார்.

நான் படித்தது பி.காம். எனக்கே தப்பு தெரிகிறது. உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். கைப்பிடி மூடியில் இருக்கிறதா? அப்படியானால் தூக்கும்போது மொத்தப் பாரமும் பின்னால் கீலிலும் முன்னால் கொண்டியிலும்தான் தொங்குகிறது. மூடியைப் பிடிக்க வைத்த கொண்டியைச் சுமைகூலி ஆக்கிவிட்டார்கள். சரி, சுலபமாகவாவது திறக்குமா என்றால் நகம் பெயர்கிறது. ஏணியில் நிற்கிற மனுஷனுக்கு ஒரு கைதானே மிச்சம்?

கம்பியை மாட்டி நெம்புகிற கிளிப் எவ்வளவோ தேவலை. நெம்புகோல் நடுக்கோட்டைத் தாண்டிப் படிந்துவிட்டால், மூடி இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது. ஒரு விரலால் தூக்கினால் டக்கென்று திறக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் தட்டுகள் விரிகிற இரும்புப் பெட்டி. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துத் தூக்கினால் உள்ளே இருக்கிற எடையே பெட்டியை மூடிப் பிடித்துக்கொள்ளும். கீழே வைத்துப் பிரித்தால் திறந்துவிடும். கொண்டிக்கு வேலையே இல்லை! பெட்டி கனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போகும்போது தம்பி, ‘சணல் ஏதாச்சும் இருக்கா சார்?’ என்றார். கொடுத்தேன்.