இரும்பு ஃபிரேம்: எதற்கெல்லாம் தாங்கும்?

சென்னை காசிமேட்டில் ஏலம் முடிந்த மீன் பெட்டி சைக்கிள் கேரியரில் ஏறுகிறது. பழைய டியூப்பைக் கீறி எடுத்த ரப்பர் வாரால் அதை இறுக்கிக் கட்டுகிறார்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்சக்கரத்திலும் செயினிலும் சொட்டிக்கொண்டே வருகிறது. இந்த வேலைக்கு வரும் வண்டி அநேகமாகக் கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஒரே கியர். இப்போது பெருநகர இளைஞர்கள் சிலர் இதே ஃபிரேமைப் பழையதாக வாங்கி, மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டு, பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸட் கியர் வண்டியாக்குகிறார்கள். சுமைக்கும் ஓட்டத்துக்கும் ஒரே ஃபிரேம் சரிப்படுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வண்டிக்கும் சென்னைக்கும் உறவு பழையது. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. தொழிற்சாலை அம்பத்தூரில். குழாய் செய்யும் ஆலை 1955இல் ஆவடியில் வந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின.

ஃபிரேமின் முதல் பலம் அதன் சாய்வு. முன்குழாயும் சீட் குழாயும் நன்றாகச் சாய்ந்திருப்பதால் இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் அதிகம். பின்னால் கனமான பெட்டி இருந்தாலும் முன்சக்கரம் தூக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையின் உடைந்த இடங்களில் குலுக்கலும் குறையும். அடுத்தது, பின்அச்சு உட்காரும் நீண்ட பிளவு. செயின் தொய்ந்தால் அச்சைச் சற்றுப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கினால் போதும். ஃபிக்ஸட் கியருக்கு அவசியமான அமைப்பு இதுதான். மூன்றாவது, பழுதுபார்க்கும் வசதி. வளைந்த ஃபோர்க்கைத் தெருமுனைக் கடையிலேயே நிமிர்த்திவிடலாம். விட்டுப்போன இணைப்பை கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றவைத்துவிடலாம். அலுமினிய ஃபிரேமுக்கு இந்த வசதி கிடையாது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலான சமதரைக்கு இது தோதான கணக்கு. மேம்பாலத்தில் மட்டும் மூச்சு வாங்கும்.

ஆனால் ஃபிக்ஸட் கியராக்கும்போது இதே சாய்வு எதிரியாகிறது. பந்தய ஃபிரேம் செங்குத்தாக நிற்பதால் சட்டென்று திரும்பும். இந்த இரும்பு ஃபிரேமோ நிதானமாகத்தான் திரும்பும். ஃபிரீவீல் இல்லாத வண்டியில் வளைவிலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் தரையில் உரசும் அபாயமும் உண்டு. இதைவிடப் பெரிய ஆபத்து பின்ஹப்பில் இருக்கிறது. ஃபிரீவீலுக்கான மரையில் வெறும் பல்சக்கரத்தைத் திருகிவிட்டால், பின்பக்கமாக மிதித்து நிறுத்த முயலும் நேரத்தில் அது கழன்றுவிடும். அதைப் பிடித்துவைக்க எதிர்மரை வளையம் வேண்டும். அந்த வளையத்துக்கு மரை வெட்டிய ஹப்பே வேறு. 635 மில்லிமீட்டர் ரிம்மை எடுத்துவிட்டு 622 போட்டால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். கம்பி பிரேக்குக்கென்று செய்த ஃபோர்க்கில் வேறு பிரேக் பூட்டத் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் முன்பிரேக் இல்லாமல் இறங்குவதை என்னால் ஏற்க முடியாது. காலால் மட்டும் நிறுத்தும் தூரம் அங்கே உயிருக்கு ஆபத்து.

‘எல்லோருக்கும் ஏற்றது’ என்ற புகழ் பொய்யாவது அளவில். ஃபிரேமின் உயரம் பெரும்பாலும் 22, 24 அங்குலம் மட்டுமே. குட்டையானவர்கள் பாரைத் தாண்டி நிற்க முடிவதில்லை. பார் இல்லாத வண்டி ஏற எளிது. ஆனால் சுமை ஏற்றினால் முறுக்கும். வேலைக்குப் போகும் பெண்களைக் கணக்கில் எடுக்காத ஒரு ஃபிரேமைப் பன்முகப் பயனுள்ளது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைசியாகத் துரு. கடற்கரை ஓரத்தில் வெளிப் பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே குழாய் மெலிந்துகொண்டே இருக்கும். சீட் குழாய் வழியே இறங்கும் மழைநீர் பெடல் அச்சு உள்ள கூட்டில் தேங்குகிறது. பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் சீட்டைக் கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். செம்பொடியாகக் கொட்டினால் வாங்க வேண்டாம். நல்ல ஃபிரேமானால் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி உருட்டி எடுத்த பிறகு பூட்டுங்கள்.

சுமைக்கு இந்த ஃபிரேமை ஃபிரீவீலோடு அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. ஃபிக்ஸட் கியர் வேண்டுமென்றால் சரியான ஹப்புக்கும் முன்பிரேக்குக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். பெயின்டைப் பிறகு பார்க்கலாம். வண்டி செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது மூன்று: அச்சுக்கூட்டின் அடியில் நீர் வடியத் துளை, ஃபோர்க்கில் பிரேக் துளை, இன்னும் இரண்டு சிறிய அளவுகள்.