அச்சம் நகையான கதை

1966 நவம்பர் 15இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் 'மேனோஸ்' என்னும் பேய்ப்படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. வழிதவறிய குடும்பமொன்று தீயோர் உறையும் தனி விடுதியில் இராத்தங்குவதே கதை. அவையோர் அஞ்சினாரல்லர், வாய்விட்டுச் சிரித்தனர்.

தொல்காப்பியர் அச்சத்திற்கு அணங்கையும், நகைக்கு எள்ளல், பேதைமை முதலியவற்றையும் நிலைக்களன்களாக வகுத்தார். உர விற்பனையாளரான ஹரால்டு வாரன் எடுத்த இப்படத்தில் அணங்கு உண்டு. ஆயினும், ஒருமுறை சாவி கொடுத்தால் 32 வினாடியே ஓடும் கேமரா காட்சியைத் துண்டாக்கிற்று. சிறுமியின் பேச்சோ வளர்ந்த பெண்ணின் குரலில் ஒலித்தது. (குரல் பிழைத்தால் மெய்ப்பாடு ஏது?) அணங்கு பேதைமையாயிற்று.

தம் வாயில் பிறர் குரல் கேட்டு அரங்கிலேயே அழுததாக அச்சிறுமியே பின்னாளில் கூறியுள்ளார். 1993இல் நையாண்டி உரையோடு தொலைக்காட்சியில் வந்தபின், இதனை விரும்பிக் காண்போர் பெருகினர். அவர்தம் நகையில் பரிவும் கலந்துள்ளது. முதல் அவையிலோ எள்ளலே மிக்கு நின்றது.