கல்வெட்டும் மூன்று மாத ஊசியும்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பற்றி எழுதும்போது எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி நிதி திரட்டினார், 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். எல்லாம் உண்மை. ஆனால் நன்கொடை என்றாலே கட்டடமும் மெஷினும்தான் என்று இந்தக் கதை நம்மைப் பழக்கிவிட்டது.

புராஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பரவிய நிலையில் ஆண் ஹார்மோனை அடக்கணும். சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டிய வழி, 1966-ல் நோபல் வாங்கித் தந்தது. விதைப்பையில் ஆபரேஷன் செய்தால் ஒரே தடவைச் செலவு. ஊசி என்றால் மாதாமாதம், இல்லை மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷக்கணக்கில். நோயை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போ நோயாளிதானே தேர்ந்தெடுக்கணும்? ஏழை வீட்டில் பணம் தேர்ந்தெடுக்கிறது. "ஒரேயடியா முடிச்சிடுங்க டாக்டர்" என்று ஒரு பெரியவர் சொன்னால், அது சம்மதமா, கையிருப்பா? (இதை வெளியே பேசவே நம்ம ஆண்களுக்குக் கூச்சம், அது தனிக் கதை.)

அரக்கோணத்துக்காரருக்கு ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி. ரயிலுக்குக் குறைவில்லை, புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆட்டோ, சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலி, இதற்கெல்லாம் சலுகை கிடையாது. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று வாரக்கணக்கில் போகணும், தங்க இடமும் வேணும். நன்கொடை சிகிச்சையை மாற்றுவது இங்கேதான்.

எத்தனை படுக்கை சேர்த்தோம் என்று ஆண்டறிக்கையில் போடுகிறார்கள். எத்தனை பேர் அடுத்த ஊசிக்குத் திரும்பி வந்தார்கள் என்றும் போட்டால் முதல் பக்கத்திலேயே போடலாம்.