ஓடு, சிப்பி, ஐந்து ரூபாய்

நான் எழுதிய ஒரு பாராட்டைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. காரணத்தைச் சொல்ல ஒரு குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்து மண்ணைத் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிற்று. செட்டிகுளத்தில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் கைபேசியில் படம் வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பிவைத்தேன். புவியியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டையில்லை, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிப்போன கல் உருண்டைகள் என்றார்கள். அதற்குள் நண்பர் ஒருவர் கவிதை எழுதிவிட்டார். மண்ணுக்கடியில் பொரியாமல் காத்திருக்கும் முட்டை, விரிசல் விடாத ஓடு, உள்ளே அடைபட்ட நம் காலம் என்று போகிறது அது. 'ஸ்தூலமான படிமம்' என்று இந்தப் பக்கங்களிலேயே பாராட்டினேன். செய்தி பொய்த்துவிட்டதே என்று கேட்டவர்களிடம், கவிதைக்காகப் புவியியல் வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை என்று வாதாடவும் செய்தேன்.

போன மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் தான் எடுத்த 42 புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டினார். படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஆல்பத்தின் மேல் 'ஷெல்' என்று எழுதியிருந்தார். தமிழில் ஏன் தலைப்பு வைக்கவில்லை என்று கேட்டேன். வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல் கிடைக்கவில்லை என்றார்.

அவர் சொன்னது சரிதான். கல்லூரியில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தபோது அந்தச் சொல்லின் வியாபகம் எனக்கு ஒரு செல்வமாகத் தோன்றியிருந்தது. கடற்கரையில் கிடப்பதும், கோழி இடுவதும், தேங்காய்க்கு மேலிருப்பதும், பீரங்கியிலிருந்து வருவதும், சிப்பி வியாபாரத்தில் தொடங்கிய ஒரு குடும்பம் 1897இல் நிறுவிய எண்ணெய்க் கம்பெனியும் அதற்குள் அடக்கம். தமிழ் அப்படிச் சேர்ப்பதில்லை. சிப்பி வேறு, சங்கு வேறு, சோழி வேறு. நத்தைக்கு இருப்பது கூடு. தேங்காய்க்குக் கொட்டாங்கச்சி. ஆமைக்கும் முட்டைக்கும் மண்டைக்கும் ஓடு. வீட்டுக் கூரைக்கும் பண்டாரத்தின் கைக்கும் அதே ஓடு. நாம் சேர்க்கும் இடமும் பிரிக்கும் இடமும் வேறு. ஈழத் தமிழில் ஆங்கிலச் சொல்லே நுழைந்தது, ஆனால் ஒரே ஒரு அர்த்தத்துடன். ஷெல்லடி என்றால் அங்கே யாருக்கும் கடற்கரை ஞாபகம் வராது. ஆசிரியரின் 42 படங்களில் அந்த ஷெல் இல்லை. தான் பார்க்காததை அவர் எடுக்கவில்லை.

படங்களைப் பற்றி என் முதல் அபிப்பிராயம் மட்டமானது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம். மலைக்கோயில் படியில் உடைந்து கிடக்கும் கொட்டாங்கச்சிக்குப் பக்கத்தில், அடைமழை முடிந்து வரப்பில் ஊரும் நத்தைக்குப் பக்கத்தில், பிரித்துப்போட்ட வீட்டின் ஓட்டுக்குப் பக்கத்தில், எங்கும் அந்த நாணயம். நாள் முழுக்க நாணயம் எண்ணுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே காட்சியா என்று எரிச்சல் வந்தது. எட்வர்ட் வெஸ்டன் 1927இல் எடுத்த நாட்டிலஸ் ஓட்டை அவரிடம் எடுத்துக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் அது தானே ஒளிர்வதுபோல் நிற்கும். அளவு சொல்ல அங்கே எதுவும் இல்லை. கலை என்றால் இதுவல்லவா என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாயிருக்கு சார். எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

கேள்வியின் நியாயம் காரையில் எடுத்த படங்களுக்கு வந்தபோதுதான் உறைத்தது. செட்டிகுளம் கெட்டிப் பாறை நிலம். இங்கே சிப்பி அகப்படாது. நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே போனால் சாத்தனூரும் காரையும் கருடமங்கலமும் பழைய கடலின் அடித்தரை. காரையின் செம்மண் ஓடைகளில் சுமார் 10 கோடி வருஷத்து அம்மோனைட்டுகள் கிடக்கின்றன. கருடமங்கலத்துக் கல்லில் சிப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு படிந்திருக்கின்றன. அதை மெருகேற்றி 'திருச்சினாப்பள்ளிப் பளிங்கு' என்று அலங்காரக் கல்லாக விற்றதும் உண்டு.

அம்மோனைட் சிப்பி இனம் இல்லை. கணவாய்க்கு உறவு. சுருளும் ஓட்டைத் தானே கட்டிக்கொண்டு, வளர வளர முன்னால் நகர்ந்து, விட்டுவந்த அறையைப் பின்னால் சுவர் வைத்து அடைத்துவிடும். கடைசி அறையில் மட்டுமே வாசம். இன்று கிடைப்பவற்றில் பலவற்றில் ஓடுகூட இல்லை. ஓடு கரைந்துபோய், உள்ளே புகுந்த சேறு கல்லாகி நிற்கிறது. ஓடு என்று நாம் கையிலெடுப்பது ஓடு விட்டுப்போன அச்சு. ஆசிரியரின் ஒரு படத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. பாதிச் சுருளில் பளபளப்பான ஓடு ஒட்டியிருக்கிறது. மீதி வெறும் அச்சு, அதில் அறைச் சுவர்களின் நெளிகோடுகள். நாணயம் பக்கத்தில் இருப்பதால் உள்ளங்கையில் அடங்கும் பொருள் என்றும் தெரிகிறது. 1861 முதல் 1873 வரை ஸ்டோலிச்கா முதலியோர் இப்பகுதித் தொல்லுயிர்களை விவரித்த தொகுதிகளில் இருப்பவை கல்லச்சுச் சித்திரங்கள். விலா விலாவாகப் பார்க்காமல் அவற்றை வரைந்திருக்க முடியாது.

இப்போது குன்னத்துப் படத்துக்கு வருகிறேன். கைபேசியிலிருந்து அதை மறுபடி தேடியெடுத்தேன். முட்டையென்றால் உடைந்த இடத்தில் மெல்லிய ஓட்டின் விளிம்பு தெரிய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளிருந்து ஓர் உயிர் கட்டிய ஓட்டைச் சுற்றி, அது செத்த பிறகு, வெளியிலிருந்து சேறு இறுகி உருண்ட கல் அது. முட்டை ஓடு உயிரைப் பாதுகாத்துத் திறப்பதற்கென்று அமைந்தது. இது செத்ததன் மேல் பிறகு வந்து மூடியது. இரண்டையும் ஒன்றாக்கியது புகைப்படம் செய்த வேலையில்லை. அதன் கீழே யாரோ எழுதிய 'முட்டை' என்ற சொல் செய்த வேலை. கவிஞரும் நானும் பார்த்தது அந்தச் சொல்லைத்தான்.

கவிதை தகவல் பிழையால் விழவில்லை. தவறான தகவலின் மேல் நல்ல கவிதை நிற்க முடியும் என்றே இன்னமும் நினைக்கிறேன். இந்தக் கவிதையில் பொருளே இல்லை என்பதுதான் விஷயம். முட்டை, ஓடு, காத்திருப்பு என்பவை கவியரங்கத்தில் நாம் கேலி செய்த சிப்பிக்குள் முத்து வகையறாதான். புதுக்கவிதை என்பதால் வரி ஒடிந்திருக்கிறது, அவ்வளவே. அந்த உருண்டையின் கனம், நிறம், அளவு எதுவும் அதில் கிடையாது. ஸ்தூலம் என்று நான் எழுதியது எதைக் கண்டு என்று எனக்கே விளங்கவில்லை.

வெஸ்டனை இதனால் கைவிட வேண்டியதில்லை. லென்ஸின் துவாரத்தைக் குறுக்கி மணிக்கணக்காக ஒளியை உள்ளே விட்டு எடுத்தவை அவர் படங்கள். அவ்வளவு நேரம் ஒரு பொருளின் முன்னால் நின்றவன் அளவுகோல் வைக்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆசிரியரிடம் அந்த நேரமில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் நாணயம் வைக்கிறார். குன்னத்துப் படத்தில் இவை இரண்டுமே இல்லை. நம் கவிதைகளிலும் விமர்சனங்களிலும் எத்தனையில் உண்டு என்று பார்க்கலாம்.

அந்தக் கவிதையைப் பற்றி நான் எழுதியதை வாசகர்கள் தள்ளிவிட வேண்டுகிறேன். நண்பருக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆசிரியருடன் காரைக்குப் போவதாக இருக்கிறேன்.