சாய்ந்த காதுகள்

ராக் இசை பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டால் இப்போது கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கிடாருக்கும் வெள்ளைக்கார ஆண்களுக்கும் சாய்ந்த பழைய விமர்சகர்களை விட்டுவிடுங்கள், எல்லா இசையையும் சமமாகப் பார்க்கும் புதிய வரலாறுகளை வாங்குங்கள். கெலெஃபா சன்னே 2004இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் குரல் வலுத்துவிட்டது. குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் சார்பை நீக்கிவிட்டால் நல்ல புத்தகம் மிஞ்சும் என்ற நம்பிக்கை பிழையானது.

நிக் கோன் இருபத்திரண்டு வயதில் எழுதி 1969இல் வந்த வரலாறு லிட்டில் ரிச்சர்டின் கூச்சலைக் கொண்டாடுகிறது. பீட்டில்ஸின் பிற்கால ஆல்பங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டே வந்த சார்லி கில்லெட்டின் நூலுக்குச் சிறிய ரெக்கார்டு கம்பெனிகள்மீதும் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ்மீதும் தீராத பற்று. பீட்டில்ஸ் பாடல்களைப் பற்றிய நூலில் (1994) இயன் மெக்டொனால்டு அறுபதுகளோடு பாப் இசையின் உச்சம் முடிந்தது என்கிறார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனாலும் லெனனின் மெட்டுகள் பேச்சைப்போல ஒரே மட்டத்தில் ஊர்வதையும் மெக்கார்ட்னியின் மெட்டுகள் ஏறி இறங்கித் தாவுவதையும் கேட்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பிடிவாதக்காரரின் காதுதான். ஆல்பர்ட் கோல்ட்மேனின் எல்விஸ் வாழ்க்கை வரலாற்றில் (1981) இருப்பதைச் சார்பு என்றே சொல்ல மாட்டேன். அது வெறும் இகழ்ச்சி. அதே எல்விஸை பீட்டர் குரால்னிக் இரண்டு தொகுதிகளில் நேசத்தோடு எழுதியபோதுதான் மனிதர் தெரிந்தார்.

கேடு செய்வது, தன்னை வரலாறு என்று சொல்லிக்கொள்ளும் சார்பு. கிரெய்ல் மார்கஸின் 'மிஸ்டரி ட்ரெயின்' (1975) அபாரமான நூல். ஆனால் அமெரிக்காவின் ஆன்மாவைத் தேடிப் போகும் அதன் மையக் கலைஞர்களில் ஒரு பெண்கூட இல்லை. ரோலிங் ஸ்டோன் இதழின் நிறுவனர்களில் ஒருவரான யான் வென்னர் 2023இல் வெளியிட்ட நேர்காணல் தொகுப்பில் எழுவரும் வெள்ளை ஆண்களே.

இத்தனைக்கும் எலன் வில்லிஸ் 1968லேயே நியூயார்க்கர் இதழின் முதல் பாப் விமர்சகராகிவிட்டார். 1975 வரை அங்கே எழுதினார். அந்த எழுத்துகள் மகளின் முயற்சியால் 'அவுட் ஆஃப் த வைனல் டீப்ஸ்' என்று நூலாயின 2011இல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. தீவிரப் பெண்ணியவாதியான அவருக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பிடிக்கும். பெண்களை இழிவுபடுத்தும் பாடலிலும் அதன் மூர்க்கமான ஒலி தன்னைப் போராடத் தூண்டுகிறது என்றும், பெண்ணிய இசை என்று வரும் மென்மையான பாடல்கள் தன்னைச் சோர்வடையச் செய்கின்றன என்றும் 1977இல் எழுதினார். கொள்கை ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமும் இழுப்பதை மறைக்காமல் அந்த இழுபறியையே விமர்சனமாக்கினார். இந்த நேர்மையை நான் வேறெந்த ராக் விமர்சகரிடமும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. மார்கஸைப் படிப்பவர்கள் கையோடு பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பற்றி வில்லிஸ் எழுதியதையும் படிக்க வேண்டும்.